பின்னால் ஒன்றுமில்லாத படம்

1. போன்

"அண்ணா, நீங்க குடுத்த லென்ச திருப்பி எடுத்துக்கோங்க. இங்க ஒருத்தர் செத்துக்கிட்டிருக்காரு."

காலை பதினொரு மணி. ஒடுகத்தூரில் என் ஸ்டுடியோ மேசையில் பாஸ்போர்ட் படங்களை நறுக்கிக்கொண்டிருந்தேன். கத்தரிக்கோல் யாரோ ஒருவரின் காதோரத்தில் நின்றுவிட்டது. போனில் பேசியவள் கோமதி. ஜவ்வாது மலைமேல் கிராம நர்ஸ், பொழுதுபோக்காகப் படம் எடுக்கிறவள், என் கடை வாடிக்கையாளர்.

"லென்சுக்கும் சாவுக்கும் இன்னாம்மா சம்பந்தம்?"

"போன்ல சொன்னா சிரிப்பீங்க. நேர்ல வாங்க. வர்றப்போ என் பழைய லென்சையும் எடுத்துட்டு வாங்க. வித்துட்டீங்களா?"

"அத யாரு வாங்குவா? கீழ்த் தட்டுலதான் கெடக்குது."

"நல்லதாப் போச்சு," என்றாள். லைன் கட்டாகிவிட்டது. மலையில் டவர் அப்படித்தான். பாதிப் பேச்சு நமக்கு, மீதி காட்டுக்கு.

இருபத்திரண்டு வருடங்களாக இந்தக் கடையில் உட்கார்ந்திருக்கிறேன். கேமரா விற்கிறேன், பழசை வாங்கிக்கொண்டு வேறு தருகிறேன், பிரிண்ட் போடுகிறேன், இறந்தவர்களின் படத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டுக் கொடுக்கிறேன். புதிதாகக் கேமரா வாங்க வருகிற பிள்ளைகள் படியேறும்போதே கேட்பது ஒன்றுதான்: "சார், எது பெஸ்ட்?" அந்தக் கேள்விக்கு ஒருமுறை நான் சொன்ன பதில் மலைமேல் ஒரு மனிதரைப் பாயில் படுக்க வைத்தது. அதைத்தான் எழுதுகிறேன். லென்ஸ் வாங்கும் முன் படித்துவிடுங்கள்.

2. கோமதி லென்ஸ் மாற்றியது

கோமதிக்குச் சொந்த ஊர் படவேடு. வேலைக்கு மலையேறியவள் அங்கேயே வாடகைக்கு வீடு பிடித்துவிட்டாள். ஸ்கூட்டரின் முன்பக்கம் தடுப்பூசிப் பெட்டி, தோளில் கேமராப் பை. கேமரா ஆரம்ப நிலை மாடல், கூடவே வந்த பதினெட்டு–ஐம்பத்தைந்து கிட் லென்ஸ். ஊசி போடப் போகிற ஊரில் எல்லாம் படம் எடுப்பாள். சனிக்கிழமை என்னிடம் வந்து பிரிண்ட் போட்டுக்கொண்டு போய், அடுத்த முறை போகும்போது அவரவர் வீட்டில் கொடுத்துவிடுவாள். முதல் வருடம் அவள் ஸ்கூட்டர் சத்தம் கேட்டாலே பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு கொல்லைக்கு ஓடிய தாய்மார்கள், படம் கைக்கு வந்த பிறகு வாசலில் நிற்க ஆரம்பித்தார்கள். ஊசி ஒரு கையில், படம் ஒரு கையில். அந்தப் படங்களில் எல்லாம் இருக்கும். ஆள், ஆளுக்குப் பின்னால் வீடு, வீட்டுக்குப் பின்னால் பலா, பலாவுக்குப் பின்னால் மலை, ஓரத்தில் யாருடையது என்று தெரியாத ஒரு ஆட்டின் பின்பாதி.

ஒருநாள் புகைப்பட ஆர்வலர்களின் வாட்ஸப் குழுவில் ஒரு படம் போட்டாள். வெள்ளையன் என்பவர் புளியமரத்தின் உச்சிக் கிளையில் நின்று உலுக்குகிற படம். கீழே அவர் மனைவி மயிலா முந்தானையை விரித்துக்கொண்டு அண்ணாந்து திட்டிக்கொண்டிருப்பார். "என்ன லென்ஸ்?" என்று ஒருவர் கேட்டார். "கிட் லென்ஸ்" என்று இவள் எழுதினாள். அதற்குப் பிறகு அந்தக் குழுவில் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. அந்த மௌனத்தோடு நேராக என் கடைக்கு வந்தாள்.

"என் படத்துல இன்னாண்ணா கொற?"

ஒன்றுமில்லை என்று சொல்லியிருக்கலாம். நான் கடைக்காரன். அதைவிடப் பெரிய பலவீனம், லென்ஸ் கண்ணாடியின் மேல் எனக்கே ஒரு மயக்கம் உண்டு. கல்லாவுக்குப் பின்சுவரைக் காட்டினேன். அங்கே இரண்டடிக்கு மூன்றடியில் என் முகம். எண்பத்தைந்து எம்.எம். லென்ஸில், அதன் கண்ணை ஒன்று புள்ளி நான்கில் முழுக்கத் திறந்து எடுத்த சாம்பிள் படம். எடுக்கும்போது எனக்குப் பின்னால் பஸ் நிறுத்தம், மின்கம்பிகள், வாழைப்பழ வண்டி எல்லாம் இருந்தன. படத்தில் ஒன்றும் இல்லை. இளம்நீலமாக, கரைத்த பால் மாதிரி ஒரு வெளி. அதன் நடுவில் நான்.

"பாரு. பின்னால ஒன்னுமே இல்ல. இதுதான் பெஸ்டு."

அவள் படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். "ஆமாண்ணா. நீங்க மட்டும்தான் இருக்கீங்க."

பழைய லென்ஸை எடுத்துக்கொண்டு எண்பத்தைந்தைக் கொடுத்தேன். "இந்த டப்பா லென்ச வெச்சிக்கிட்டு எத்தினி நாளு ஓட்டுவ?" என்றும் சொன்னேன். அவள் போன பிறகு அந்த டப்பாவைக் கீழ்த் தட்டில், பிளாஷ் ஒயர்களுக்கு நடுவில் உருட்டிவிட்டேன்.

3. பூ

இடையில் ஒரு விஷயம். அந்தச் சாம்பிள் படத்தை மாட்டிய நாளிலிருந்து கடையில் ஏதோ மாறியிருந்தது. எனக்குத்தான் அர்த்தம் புரியவில்லை.

மலையிலிருந்து வருகிறவர்கள் முன்பெல்லாம் கடைக்குள் நுழையும்போதே சத்தமாகப் பேசிக்கொண்டு வருவார்கள். இப்போது வாசலில் ஒரு நிமிடம் நின்றார்கள். சுவரைப் பார்த்தார்கள், என்னைப் பார்த்தார்கள், குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள். மயிலாவே ஒருமுறை வந்தார், புளி விற்க இறங்கியவர், ரேஷன் கார்டுக்குப் படம் வாங்க. கவரை நீட்டினேன். கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டார். "அங்க வெய்யி," என்று கண்ணாடி மேசையைக் காட்டினார். வைத்தேன். நான் கையை எடுத்த பிறகுதான் எடுத்துக்கொண்டார்.

சில காலைகளில் அந்தப் படத்தின் சட்டத்தில் ஒரு பூ செருகியிருக்கும். காட்டுப்பூ, பெயர் தெரியாது. கூட்டிப் பெருக்க வருகிற அம்மாள் விளையாட்டுக்குச் செய்கிறாள் என்று நினைத்து எடுத்துப் போடுவேன். கொஞ்ச நாள் கழித்து இன்னொன்று இருக்கும்.

4. என் வானம்

கோமதி போன் செய்த அன்று மதியமே டூவீலரில் கிளம்பினேன். எட்டாவது வளைவில் வெயில் போயிற்று. பத்தாவது வளைவில் மேகம் ரோட்டைக் குறுக்கே கடந்துகொண்டிருந்தது, நிதானமாக, ஆட்டு மந்தை மாதிரி. ஹாரன் அடித்தேன். என் ஹாரன் எனக்கே தூரத்தில் கேட்டது.

ஊர் எல்லையில் கோமதி நின்றுகொண்டிருந்தாள். கண் இரண்டும் வீங்கியிருந்தன. வெள்ளையன் வீட்டுக்குப் போகும் முன், பக்கத்து வீட்டுக்குள் கூட்டிப்போனாள். "சும்மா சுவர மட்டும் பாருங்க," என்றாள்.

சுவரில் இரண்டு படங்கள். காலமான பெரியவர் ஒருவர், அம்மாள் ஒருவர். இரண்டும் என் கடையில் செய்தவை. அடுத்த வீட்டில் மூன்று. அதற்கடுத்த வீட்டில் ஒன்று, சின்னப் பெண். எல்லாம் என் வேலை.

இந்த வேலையை நீங்கள் அறிந்திருக்கமாட்டீர்கள், சொல்கிறேன். மலையில் ஒருவர் இறந்துவிட்டால் பெரும்பாலும் தனிப் படம் இருக்காது. கல்யாணத்திலோ திருவிழாவிலோ பத்துப் பேரோடு நின்ற படம் ஒன்றைக் கொண்டுவருவார்கள். அதிலிருந்து அவரை மட்டும் வெட்டி எடுப்பேன். பக்கத்தில் நின்றவர் தோளில் கை போட்டிருப்பார். அந்தக் கையை விரல் விரலாக அழிக்க வேண்டும். வீட்டை அழிக்க வேண்டும், மரத்தை, பந்தலை, வெளிச்சத்தை. கடைசியில் பின்னால் ஒரு நீல வானம் போடுவேன். அந்த வானம் என் கம்ப்யூட்டரில் ஒரே ஒரு ஃபைல். பதினெட்டு வருடமாக அதே ஃபைல்.

கடையில் ஒவ்வொன்றாகச் செய்து அனுப்பும்போது அது தெரியாது. இங்கே வீட்டுக்கு வீடு, இருட்டுச் சுவர்களில், ஒரே வானம். எல்லாரும் அதே இடத்துக்குப் போய் நின்று அங்கிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த இடத்தைச் செய்தவன் நான்.

"இந்த ஊர்ல போட்டோன்னா ரெண்டு வகைதாண்ணா," என்றாள் கோமதி. "நான் எடுக்கறது. அதுல வூடு, மரம், ஆடு எல்லாம் இருக்கும். அது உயிரோட இருக்கறவங்களுது. இன்னொன்னு நீங்க செய்யறது. பின்னால ஒன்னுமே இருக்காது."

புது லென்ஸ் வந்ததும் அவள் முதலில் எடுத்தது வெள்ளையனைத்தான். முழுக்கத் திறந்து, ஒன்று புள்ளி நான்கில். பின்னால் வீடு கரைந்தது, மரம் கரைந்தது. திங்கட்கிழமை ஆசையாகப் பிரிண்டைக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறாள்.

5. வெள்ளையன்

மயிலா வாசலில் சாமை புடைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் முறம் நின்றது.

"நடந்தா வந்த?" என்றார்.

"வண்டியிலம்மா."

"வண்டி ஓட்டுதா!" என்றார் யாரிடமோ. சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து தரையில் வைத்துவிட்டு இரண்டடி தள்ளி நின்றுகொண்டார். மலையில் எல்லாருக்கும் நீ, வா, போதான். அதில் மரியாதைக் குறைவு இல்லை. ஆனால் அன்று அவர் பார்வையில் வேறு ஏதோ இருந்தது.

உள்ளே, சுவரில் வெள்ளையனின் அப்பா என் நீல வானத்தில் நின்றார். அவருக்குப் பக்கத்தில் புதுப் படம், வெள்ளையனுடையது. நேர்மையாகச் சொல்கிறேன், அருமையான படம். தாடியின் ஒவ்வொரு முடியும் தனித்தனியாக நின்றது. அதன் நேர்க்கீழே பாயில் வெள்ளையன் படுத்திருந்தார். ஐம்பது வயது இருக்கும். உச்சிக் கிளைக்கு ஏறுகிற உடம்பு. மூன்று நாளாகக் கூழ் தொடவில்லை, சுகர் மாத்திரை போடவில்லை, ஆம்புலன்ஸ் வந்தும் ஏறவில்லை. முகத்தில் வருத்தம் ஒன்றுமில்லை. பஸ்ஸுக்கு நேரம் இருக்கிறது என்று உட்கார்ந்திருப்பவரின் முகம்.

"நர்சம்மா நல்லவ," என்றார் என்னிடம். "ரத்தத்த எடுத்துப் பாத்தவ அவதான். படம் எடுத்தவளும் அவதான். வாயால சொல்ல மனசு வரல. படத்துல சொல்லிட்டா."

"ஐயோ, அப்படி இல்லப்பா," என்று கோமதி தரையில் உட்கார்ந்துவிட்டாள். "நான் எதையும் சொல்லல. அது லென்சு."

"லென்சு யாரு?"

நான் ஆரம்பித்தேன். லென்ஸின் கண்ணை, அதாவது அப்பர்ச்சரை, அகலமாகத் திறந்தால் ஃபோகஸ் வைத்த இடம் மட்டும் நிற்கும், மற்றதெல்லாம் கரைந்துபோகும், இது கண்ணாடியின் வேலை என்றேன். அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு கையைத் தூக்கிச் சுவரைக் காட்டினார்.

"என் காதப் பாரு."

பார்த்தேன். கண் கூர்மையாக இருந்தது. காது மங்கலாக, ஓரம் இல்லாமல், பின்னாலிருந்த வெறும் வெளிக்குள் போய்க்கொண்டிருந்தது. முழுக்கத் திறந்து எடுத்தால் அப்படித்தான் வரும். குழுவில் இதற்குத்தான் கைதட்டுவார்கள்.

"வூடு மொதல்ல போச்சு. அப்பறம் மரம். இப்ப காது போவுது." என்னை ஏற இறங்கப் பார்த்தார். "சரி, கடக்காரனும் வந்துட்டான். மயிலா, அந்த வெள்ள வேட்டிய எடு."

"நான் சும்மா பாக்கத்தான் வந்தேன்."

"சும்மா யாரு வருவா? கூப்ட்டுப் போகத்தான் வந்திருக்க."

நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பு அந்த வீட்டுக்குள் தனியாக நின்றது.

"சிரிக்காத," என்றார் மயிலா வாசலிலிருந்து. "உன் கடையில உன் படமே அப்படித்தான மாட்டியிருக்குது? பின்னால ஒன்னுமில்லாம? நான்தான் எறங்குறப்பல்லாம், காலையில கூட்டறவ கடையத் தொறக்கறப்ப, பூ வெச்சிட்டு வரேன். பாவம், நல்லா வேல செஞ்ச ஆளாச்சேன்னு."

"நான் கடையிலதானம்மா உக்காந்திருந்தேன்! உன் கையில கவர் குடுத்தேன்!"

"உக்காந்திருந்தா? எங்க அப்பன் கூடத்தான் செத்து ஒரு வருசம் வாசல்ல உக்காந்திருந்தான். அதுக்கு இன்னா பண்றது?"

"நான் உயிரோடதாம்மா இருக்கேன்."

"அப்ப எதுக்கு அப்படி மாட்டி வெச்ச?"

எத்தனை மாதமாக இந்த ஊர்க்காரர்கள் கல்லாவில் உட்கார்ந்த ஒரு பிணத்திடம் படம் வாங்கிப் போயிருக்கிறார்கள் என்று எண்ணிப் பார்த்தேன். என் கையை நானே ஒருமுறை தொட்டுக்கொண்டேன்.

கடைசியில் மயிலாதான் வழி சொன்னார். "வூட்டோட எடு. மரத்தோட எடு. இவன எழுப்பி நிக்க வெச்சு எடு. உன்னையும் சேத்து எடு. வருதா பாக்கலாம்."

வெள்ளையன் கொஞ்சம் யோசித்தார். "வந்தா எந்திரிக்கறேன். வரலன்னா என்ன விட்டுடணும். மாத்திர, ஆம்புலன்சு, ஒன்னும் பேசக் கூடாது."

கோமதி என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். "சரிப்பா," என்றாள்.

6. மேகம்

பையிலிருந்து கிட் லென்ஸை எடுத்து வேட்டி முனையில் துடைத்து அவளிடம் கொடுத்தேன். எண்பத்தைந்தைக் கழற்றி அதை மாட்டினாள். பழைய சாவி பழைய பூட்டுக்குள் போகிற சத்தம். நிறைய இடம் அடங்க அகலத்தில் வைத்து, அப்பர்ச்சரை எஃப் பதினொன்றுக்குக் குறுக்கினாள். முன்னும் பின்னும் எல்லாம் தெளிவாக நிற்க வேண்டும் என்றால் கண்ணை இடுக்கத்தான் வேண்டும். இடுக்கினால் வெளிச்சம் போதாது. ட்ரைபாட் கிடையாது. உரலைக் கவிழ்த்து, அதன்மேல் தடுப்பூசிப் பெட்டியை வைத்து, அதன்மேல் கேமராவை வைத்தாள்.

வெள்ளையனைக் கைத்தாங்கலாகக் கொண்டுவந்து வாசலுக்கு முன்னால் நிறுத்தினோம். பக்கத்தில் நான். எங்களுக்குப் பின்னால் வீடு, அதற்கு இடப்பக்கம் புளியமரம், ஆட்டுப் பட்டி, வேலி. ஊரே கூடிவிட்டது. "அந்தத் திருகையும் வரணும்", "நாயப் புடிச்சி உக்கார வெய்யி", "டேய் குப்பா, நீ வராத, மரத்த மறைக்கற" என்று ஒரே சத்தம்.

திடீரென்று சத்தம் நின்றது.

கோமதியின் முகம்தான் எனக்குத் தெரிந்தது. அவள் கேமராவிலிருந்து கண்ணை எடுத்து எங்கள் தலைக்கு மேலே பார்த்துக்கொண்டிருந்தாள். முதுகில் ஈரம் பட்டது. திரும்பிப் பார்த்தேன். மேகம் இறங்கியிருந்தது. மரம் இல்லை. பட்டி இல்லை. கூரையின் ஓரம் ஒரு கோடாக நின்று, பார்க்கப் பார்க்க அதுவும் போயிற்று. எங்களுக்குப் பின்னால் ஒன்றும் இல்லை. நான் செய்கிற வேலையை என்னைவிட நேர்த்தியாக யாரோ செய்துகொண்டிருந்தார்கள்.

"பாத்தியா?" என்றார் வெள்ளையன். குரலில் வெற்றி இல்லை, பயமும் இல்லை. "போயிடுச்சு. நீயும் நானும்தான்."

அவர் என் பக்கம் சாய்ந்தார். தோளைப் பிடித்துக்கொண்டேன். எனக்கே அந்த நேரத்தில் சந்தேகம் வந்தது என்று எழுத வெட்கமாக இருக்கிறது. வந்தது.

அப்போது பின்னாலிருந்து டொக், டொக் என்று சத்தம். மயிலா உலக்கையால் வாசற்படியைத் தட்டிக்கொண்டிருந்தார். ஆள் தெரியவில்லை, குரல் வந்தது: "படி இங்க இருக்குது! யோவ், கேக்குதா? படி இங்கதான் இருக்குது!"

பிறகு இன்னொரு பக்கம், கத்தியின் பின்புறத்தால் மரத்தில் அடிக்கிற சத்தம். "மரம் இங்க இருக்குது மாமா!"

"திருக இங்க!"

"பட்டி இருக்குது! ஆடு ஆறும் இருக்குது! ஒன்னு கட்ட அவுத்துக்கினு என் முந்தானைய மேயுது!"

ஒவ்வொருவரும் கண்ணுக்குத் தெரியாமல் போன ஒவ்வொரு பொருளிடம் போய் நின்று, அதைத் தொட்டு, அதன் பெயரைச் சொன்னார்கள். இறந்துபோனவர்கள் என்று கருதப்பட்ட இரண்டு பேர் முன்னால் பார்த்துக்கொண்டு, முதுகுக்குப் பின்னால் உலகம் தன் பெயரைச் சொல்வதைக் கேட்டுக்கொண்டு நின்றோம். எவ்வளவு நேரம் என்று தெரியாது. என் கைக்குள் வெள்ளையனின் தோள் மெல்ல நிமிர்ந்தது.

காற்று வலப்பக்கமிருந்து வந்தது, மேகம் விலக ஆரம்பித்தது. கோமதி குனிந்து கேமராவில் கண்ணை வைத்தாள்.

"யாரும் அசையாதீங்க. தொட்டத தொட்டபடியே இருங்க. மூச்சு கூட விடாதீங்க."

ஷட்டர் விழுந்தது. மெதுவான ஷட்டர். திறந்த சத்தமும் மூடிய சத்தமும் தனித்தனியாகக் கேட்டன.

அவள் ஸ்கிரீனைப் பார்த்தாள். பிளஸ் பட்டனை அழுத்தி அழுத்திப் பெரிதாக்கினாள், அங்கும் இங்கும் நகர்த்தினாள். பிறகு, "வாப்பா, வந்து பாரு," என்றாள்.

வெள்ளையன் யார் கையையும் பிடிக்காமல் நடந்துபோனார். வெளிச்சம் போதாமல் ஐஎஸ்ஓவை ஏற்றியிருந்தாள். படம் முழுக்க நாய்ஸ், புள்ளி புள்ளியாக, சாமையை அள்ளித் தூவிய மாதிரி. குழுவில் போட்டால் முகம் சுளிப்பார்கள். அவர் விரலை வைத்துச் சரிபார்த்தார். படி. உலக்கை. உலக்கையைப் பிடித்த மயிலா. மரம், மரத்தைத் தொட்ட கை. ஆடு ஒன்று, இரண்டு, ஆறு. கடைசியில் தன் காது. அதை மட்டும் பெரிதாக்கச் சொன்னார். ஓரம் தெளிவாக இருந்தது. கையைத் தூக்கித் தன் காதைக் கிள்ளிப் பார்த்துக்கொண்டார்.

"இவனுக்கு?" என்றார் என்னைக் காட்டி. நகர்த்தினாள். என் தலைக்குப் பின்னால் வேலியில் கிழிந்த யூரியா சாக்கு ஒன்று, அதன் எழுத்து வாசிக்கிற தெளிவில் இருந்தது. "உனக்கும் இருக்குது," என்றார். ஏதோ கொடுக்கல் வாங்கல் முடிந்த மாதிரி தலையாட்டினார்.

படத்தின் இடது ஓரத்தில் மேகம் முழுக்க விலகவில்லை. அங்கே ஒரு கையளவுக்கு வெறும் வெள்ளை. அதன்மேல் விரலை வைத்தார்.

"இங்க இன்னா?"

"மேகம்பா," என்றாள் கோமதி.

விரலை எடுத்தார். "இருக்கட்டும்," என்றார். பிறகு திரும்பி, "பசிக்குது," என்றார்.

"பசிக்குமே!" மயிலா உலக்கையைப் போட்டார். "மூணு நாளா கொட்டிக்காம கெடந்துட்டு, எங்க உசுர எடுத்துட்டு, இப்ப பசிக்குதாம் துரைக்கு!" திட்டிக்கொண்டே உள்ளே ஓடினார். கோமதி சுகர் பார்க்கும் ஊசியை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனாள். நான் உரலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.

கிளம்பும்போது சுவரிலிருந்த தன் படத்தைக் கழற்றி வெள்ளையன் என்னிடம் கொடுத்தார். கிழித்துவிடவா என்று கேட்டேன்.

"எதுக்கு? நல்லாத்தான் இருக்குது. உன் கடையில வெச்சிரு. வேண்டியப்ப மயிலா வந்து வாங்கிக்குவா."

அது இன்னும் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. இழுப்பறையைத் திறக்கிற ஒவ்வொரு முறையும் முதலில் தெரிவது அந்தக் கண்.

7. இப்போது நான் கேட்பது

எண்பத்தைந்து கெட்ட லென்ஸ் இல்லை. கல்யாணப் படம் எடுக்கிற ஒருவருக்குப் போயிற்று, அவர் கையில் சந்தோஷமாக இருக்கிறது. கோமதி பழைய லென்ஸையே திரும்ப எடுத்துக்கொண்டாள். ஒன்றே ஒன்று கூடுதலாக வாங்கினாள், ஒரு சின்ன ட்ரைபாட். அவள் போகிற ஊர்களுக்கு, அந்த மேகத்துக்கு, அதுதான் தேவையாக இருந்தது. அன்று அவள் வந்து கேட்டபோதே நான் அதைத்தான் சொல்லியிருக்க வேண்டும். நான் கேட்கவே இல்லையே, நீ எங்கே எடுக்கப் போகிறாய், யாரிடம் கொடுக்கப் போகிறாய் என்று.

இப்போது "எது சார் பெஸ்ட்?" என்று வருகிறவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒரு கேள்வி: "உன் படத்திலிருந்து எது காணாமல் போகக் கூடாது?" சிலர் முழிப்பார்கள். சிலர் உடனே சொல்வார்கள். அம்மாவின் கடை, எங்கள் கிணறு, நாய். அப்படிச் சொன்னவர்களுக்கு லென்ஸ் எடுத்துக் கொடுப்பது சுலபம். பெரும்பாலும் கையில் இருப்பதே போதும் என்று திருப்பி அனுப்பிவிடுகிறேன். வியாபாரம் கொஞ்சம் மந்தம்தான். இறந்தவர்களின் படம் செய்யக் கொண்டுவந்தால், அழிக்கும் முன் ஒருமுறை கேட்கிறேன்: பின்னால் வீடு இருக்கட்டுமா? இருக்கட்டும் என்று சொல்கிறவர்கள் கூடிவருகிறார்கள். தோளில் இருக்கிற கையை இப்போதெல்லாம் நான் அழிப்பதில்லை.

மலையிலிருந்து இறங்கிய அன்றே என் சாம்பிள் படத்தைக் கழற்றிவிட்டேன். சுவரில் அந்த இடம் மட்டும் வெளுத்து, ஒரு சதுரமாக, யாரோ எழுந்துபோன மாதிரி இருந்தது. அங்கே வெள்ளையனும் நானும் நிற்கிற அந்த நாய்ஸ் படத்தை மாட்டினேன்.

இரண்டு வாரம் கழித்து மயிலா புளி மூட்டையோடு இறங்கினார். அதே படத்தில் ஊரில் எல்லாருக்கும் ஒரு பிரதி வேண்டுமாம். தட்டிய ஆள் ஒவ்வொருவரும் கேட்கிறார்களாம். வாசலில் நின்று சுவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிரிண்ட் போட்டு முடித்துக் கவரை நீட்டினேன். பழைய பழக்கத்தில் உடனே கையை இழுத்து மேசையில் வைக்கப் போனேன்.

"இங்க குடு," என்று கையை நீட்டினார்.

வாங்கிக்கொண்டவர் விடவில்லை. கவரோடு என் விரல்களையும் சேர்த்து, காய்ச்சல் பார்க்கிற மாதிரி, ஒரு நிமிடம் பிடித்துக்கொண்டிருந்தார்.

"சூடாத்தான் இருக்குது," என்றார்.